மவுஸைக் கழற்றி வையுங்கள்: மென்பொருள் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மென்பொருள் எழுதுபவர்களுக்கும், அதன் முகப்பை வடிவமைப்பவர்களுக்கும், சோதித்துப் பார்த்து ‘சரி’ என்று கையெழுத்திடுபவர்களுக்கும்,

வணக்கம்.

புதிதாக எதையும் கேட்டு இந்த மடலை எழுதவில்லை. இயங்குதளமும் உலாவியும் எங்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருப்பதை உங்கள் நிரல் இடையில் புகுந்து பிடுங்கிக்கொள்கிறது. அதை நிறுத்துங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நான் பார்வையற்றவன். அலுவலக வேலை, வங்கிக் கணக்கு, ரயில் முன்பதிவு, மின் கட்டணம், காலை நாளிதழ் எல்லாமே எனக்கு விசைப்பலகையாலும் காதாலும்தான். இதைச் சொன்னதும் “கணினி பேசுமா?” என்று வியப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பேசத் தொடங்கி நெடுங்காலம் ஆயிற்று. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். ஜாஸ் என்ற திரைவாசிப்பான் 1989-இல், விண்டோஸ் பரவுவதற்கு முந்தைய டாஸ் கணினிகளுக்கு வந்தது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கி, ஜேம்ஸ் டே என்ற நண்பரோடு சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற திரைவாசிப்பானை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இருவருமே பார்வையற்றவர்கள். அந்த மென்பொருள் தமிழிலும் பேசும். ஐஃபோனில் 2009 முதல் வாய்ஸ்ஓவர் இருக்கிறது, ஆண்ட்ராய்டில் டாக்பேக் இருக்கிறது. ஆக, பேசும் வேலையை மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். பேசுவதற்கான விஷயத்தை நீங்கள் எழுதும் பக்கம் கொடுக்க வேண்டும். அங்கேதான் எல்லாம் தகராறு.

நாங்கள் டேப் விசையைத் தட்டித் தட்டி மேலிருந்து கீழே போகிறோம் என்ற எண்ணம் உங்களில் பலரிடம் இருக்கிறது. டேப், இணைப்புகளிலும் பொத்தான்களிலும் படிவக் களங்களிலும் மட்டும்தான் நிற்கும். பத்திகளைப் படிக்க அது உதவாது. திரைவாசிப்பானுக்கு வாசிப்பு நிலை என்று ஒன்று உண்டு. அந்த நிலையில் எழுத்து விசைகள் எல்லாம் கட்டளைகளாகிவிடும். எச் தட்டினால் அடுத்த தலைப்பு, 2 தட்டினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பு, கே என்றால் இணைப்பு, பி என்றால் பொத்தான், டி என்றால் அட்டவணை. அட்டவணைக்குள் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு அம்பு விசையால் நகர்ந்தால், ஒவ்வொரு கட்டத்தையும் அதன் நெடுவரிசைத் தலைப்போடு சேர்த்துச் சொல்லும். களத்துக்குள் நுழைந்து தட்டச்சு செய்யத் தொடங்கும்போது நிலை மாறும்; அதற்கென்று ஒரு சிறு ஒலி வரும். பழகியவர்கள் குரலை எவ்வளவு வேகமாக வைத்திருப்பார்கள் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பேச்சாகவே கேட்காது.

யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வெப்எய்ம் அமைப்பு திரைவாசிப்பான் பயனாளர்களிடம் தொடர்ந்து கணக்கெடுத்துவருகிறது. நீண்ட பக்கத்தில் ஒரு தகவலைத் தேடும்போது முதலில் தலைப்பு வழியாகப் போகிறவர்கள் பத்தில் ஏழு பேர். நீங்களோ தலைப்பு வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டுப் போய்விடுகிறீர்கள். கண்ணுக்கு அது தலைப்பு. எச் தட்டுகிறவருக்கு ‘அடுத்த தலைப்பு இல்லை’. நூறு பத்தி உள்ள பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கேட்டுத்தான் தீர வேண்டும்.

இனி பொத்தான் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல்லில் பட்டன் என்ற குறிச்சொல் ஒன்று உண்டு. அதைப் போட்டால் டேப் அங்கே தானாக நிற்கும். என்டரும் ஸ்பேஸ் பாரும் அதை அழுத்தும். திரைவாசிப்பான் அதன் பெயரையும், அது பொத்தான் என்பதையும், முடக்கப்பட்டிருந்தால் அந்த நிலையையும் சொல்லும். இத்தனைக்கும் நீங்கள் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டாம். உலாவி எழுதியவர்கள் உங்களுக்காக எழுதி வைத்துவிட்டார்கள். ஆனால் அதன் தோற்றம் உங்கள் வடிவமைப்பாளருக்குப் பிடிக்கவில்லை. உடனே டிவ் என்ற வெறும் பெட்டியை எடுத்து, நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, கிளிக் செய்தால் இயங்கும்படி ஒரு நிரல் துண்டை ஒட்டுகிறீர்கள். பார்க்க அழகான பொத்தான். டேப் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். என்டர் தட்டினால் ஒன்றும் நடக்காது. இதை எடுத்துச் சொன்னால், அணுகல் வசதிக்குத் தனி நிதி வேண்டும், அடுத்த காலாண்டில் பார்க்கலாம் என்று பதில் வருகிறது. வீட்டோடு வந்த படிக்கட்டை இடித்துவிட்டு, ஏணி வாங்கக் காசில்லை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பட்டன் குறிச்சொல்லுக்கும் நிறம் பூசலாம், ஓரம் வளைக்கலாம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சிலர் டிவ்வை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேல், இது இன்னது என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் ஏரியா குறிப்புகளை ஒட்டுகிறார்கள். ஏரியா 2014-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாக வந்த நல்ல கருவி. ஆனால் அதன் முதல் விதியே, அந்த வேலைக்கு எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே குறிச்சொல் இருந்தால் அதைப் பயன்படுத்து, என்னைத் தொடாதே என்பதுதான். ‘பொத்தான்’ என்று குறிப்பு ஒட்டினால் திரைவாசிப்பான் பொத்தான் என்று சொல்லும், அவ்வளவே. விசையை அது இயங்கச் செய்யாது. பொத்தான் என்று காதில் விழுகிறது, தட்டினால் அசைய மாட்டேன் என்கிறது. சொல்லாமலே இருந்திருந்தாலாவது வேறு வழி தேடியிருப்பேன்.

அண்மையில் ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. யாருடைய தளம் என்பது முக்கியமில்லை. இந்தக் குறைகள் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன. முதல் பெட்டியில் நின்றதும் குரல், “தொகு, வெற்று” என்றது. எதைத் தொகுப்பது? பெட்டிக்கு மேலே ‘தந்தை பெயர்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எழுத்தையும் இந்தப் பெட்டியையும் நிரலில் லேபிள் போட்டு இணைக்கவில்லை. வாசிப்பு நிலைக்கு மாறி, ஒரு வரி மேலே போய்ப் படித்து, திரும்ப இறங்கி வந்து எழுத வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இதே கதை.

அடுத்தது பிறந்த தேதி. எண்களைத் தட்ட விடவில்லை. நாள்காட்டி ஒன்று திறந்தது, இந்த மாதத்தில். நான் பிறந்த ஆண்டுக்குப் போக ஒவ்வொரு மாதமாகப் பின்னால் தள்ளும் அம்புக்குறி இருக்கிறது, அதுவும் மவுஸுக்கு மட்டும். தன் பிறந்த தேதியை யாரும் நாள்காட்டியில் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. எட்டு இலக்கங்களைத் தட்ட ஒரு சாதாரணப் பெட்டி போதும். கண் தெரிந்தவர்களும் இந்த நாள்காட்டியைச் சபித்துக்கொண்டேதான் நிரப்புகிறார்கள் என்று கேள்வி.

மாவட்டப் பட்டியலில் முப்பத்தெட்டு மாவட்டங்கள் இருந்திருக்க வேண்டும். உலாவியின் இயல்பான பட்டியலாக இருந்தால், பெயரின் முதல் எழுத்தைத் தட்டியதும் அங்கே தாவும். அம்பு விசையால் நகர்ந்தால் ஒவ்வொன்றாகச் சொல்லும். இங்கே கைவேலைப்பாடு. அம்பு விசையால் ஏதோ நகர்கிறது, எது என்று குரல் சொல்லவில்லை. கடைசியில் ‘சமர்ப்பி’ என்ற இடத்தில் என்டர் தட்டினேன். மௌனம். இன்னொரு முறை தட்டினேன். மௌனம். பக்கத்தின் உச்சியில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி தோன்றியிருக்கிறது. குரலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. ஃபோக்கஸை, அதாவது விசைப்பலகை நிற்கும் இடத்தை, அந்தப் பிழைக்குக் கொண்டுபோயிருக்கலாம், அல்லது மாற்றம் வந்தால் வாசிக்கும்படி அந்தப் பகுதியைக் குறித்து வைத்திருக்கலாம். இரண்டுமே ஓரிரு வரி வேலை. இதற்குள் ‘நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழைக’.

இந்த இடத்தில்தான் பக்கத்து மேசை நண்பரைக் கூப்பிட நேர்கிறது. அவர் நல்லவர், வந்து உட்காருவார். என் கடவுச்சொல்லையும் அலைபேசிக்கு வந்த ஓடிபியையும் அவரிடம் சொல்கிறேன். ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள் என்று நாள் தவறாமல் குறுஞ்செய்தி அனுப்பும் அதே நிறுவனங்களின் தளங்கள்தான் என்னை அதைப் பகிர வைக்கின்றன. உள்நுழையும் இடத்தில் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட மெய்நிகர் விசைப்பலகையைக் காட்டி, மவுஸால் மட்டும் தட்டு என்று கட்டாயப்படுத்தும் வங்கித் தளத்தையும் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புக்காகச் செய்தார்களாம். என் கடவுச்சொல் இப்போது இருவருக்குத் தெரியும்.

இணையத்துக்கு வெளியிலும் இதே நிலைதான். சில கணக்கு மென்பொருள்களில் விசைக் கட்டளைகள் ஏராளம். பழகிய குமாஸ்தா மவுஸைத் தொடாமலேயே நாள் முழுக்க வேலை செய்வார். நமக்குத் தோதாயிற்றே என்று நம்பி உட்கார்ந்தால் குரல் வராது. திரையில் உள்ளதை இயங்குதளத்தின் வழியாகக் காட்டாமல், எழுத்துகளைப் படமாக வரைந்துவிடுகிறார்கள். விசை வேலை செய்கிறது. நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. விசைப்பலகையால் இயக்க முடிவது பாதி. பெயர், வகை, நிலை மூன்றையும் இயங்குதளத்திடம் சொல்வது மறுபாதி. முதல் பாதியை முடித்துவிட்டு ‘விசைப்பலகை ஆதரவு உண்டு’ என்று விளம்பரம் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசுத் தளங்களை உருவாக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பல தளங்களின் உச்சியில் எழுத்தைப் பெரிதாக்கவும் நிறம் மாற்றவும் சின்னங்கள் வைத்திருக்கிறீர்கள். குறைபார்வை உள்ளவர்களில் சிலருக்கு அவை உதவலாம். அருகிலேயே ‘திரைவாசிப்பான் அணுகல்’ என்று ஓர் இணைப்பு. திறந்தால் திரைவாசிப்பு மென்பொருள்களின் பட்டியலும், எங்கே கிடைக்கும் என்ற முகவரிகளும். அந்தப் பட்டியலைத் திரைவாசிப்பான் இல்லாமல் நான் எப்படிப் படிப்பேன் என்று யாராவது ஒரு நிமிடம் யோசித்தார்களா என்று ஒவ்வொரு முறையும் எனக்குச் சிரிப்பு வரும். அதே தளத்தில் அரசாணை ஸ்கேன் செய்த படமாகக் கிடக்கும். சில இடங்களில் எழுத்தாக இருந்தாலும் பழைய எழுத்துரு. அழகான தமிழ் என்று நீங்கள் பார்ப்பது எனக்கு ஆங்கிலக் குறிகளின் குப்பையாகக் கேட்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறியை (யூனிகோட்) தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 2010-இல். ஒருங்குறியிலேயே இருந்தாலும், பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று நிரலில் எழுதியிருந்தால், ஆங்கிலக் குரல் தமிழ் வரிகளை விழுங்கிவிடும், அல்லது எழுத்தெழுத்தாகத் துப்பும். மொழியைத் தமிழ் என்று குறிப்பது பக்கத்துக்கு ஒரு சொல் வேலை.

நெறிமுறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறைகளின் முதல் பதிப்பு 1999-இல் வந்தது. 2008-இல் வந்த இரண்டாம் பதிப்பு, எல்லாச் செயல்களும் விசைப்பலகையால் நடக்க வேண்டும் என்பதையும், உள்ளே போன ஃபோக்கஸ் வெளியே வர முடியாமல் சிக்கக் கூடாது என்பதையும் ஆக அடிப்படையான ‘ஏ’ நிலையிலேயே வைத்தது. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இந்தியாவுக்கென்று ஐஎஸ் 17802 என்ற தரநிலை இருக்கிறது. 2023-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட விதிகளுக்குள் அது சேர்க்கப்பட்டது. அந்த 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு, தனியார் என்று சேவை தருவோரைப் பிரிக்கவில்லை.

2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. அமில வீச்சுக்கு ஆளானவர்களும் பார்வையற்ற வழக்கறிஞர் ஒருவரும் தனித்தனியே தொடுத்த வழக்குகள். வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் கண்ணைச் சிமிட்டிக் காட்டு, முகத்தைத் திரையில் காட்டும் கட்டத்துக்குள் வை என்று கேட்பதால் இவர்களால் அதை முடிக்க முடியவில்லை. மின்னணு அணுகல், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் கூறி, இருபது கட்டளைகள் பிறப்பித்தார்கள். செயலியையோ தளத்தையோ வடிவமைக்கும்போதும் புதிய வசதி சேர்க்கும்போதும் பயனாளர் ஏற்புச் சோதனையில் பார்வையற்றவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வங்கித் துறைக்கு வேலை செய்யும் நிறுவனங்கள் இதை அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாம்.

வேறொன்றும் என்னை உறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில், பீட்ஸாவுக்கு இணையத்தில் ஆர்டர் கொடுக்க முடியாத பார்வையற்ற ஒருவர் டாமினோஸ் மீது தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்ற வாசல்வரை போனது. 2019-இல் நிறுவனத்தின் மேல்முறையீட்டை அந்த நீதிமன்றம் விசாரணைக்கே எடுக்கவில்லை. இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த நாடுகளின் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டால் லேபிளும் வருகிறது, ஃபோக்கஸும் ஒழுங்காக நகர்கிறது. திறமை இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. உள்ளூர்ப் பயனாளருக்கு என்று வரும்போது மட்டும் எல்லாம் அடுத்த காலாண்டுக்குப் போய்விடுகின்றன.

குறுக்கு வழி விற்பவர்களையும் நம்ப வேண்டாம். ஒரே வரி நிரலைச் சேர்த்தால் உங்கள் தளம் தானாகவே நெறிமுறைக்கு இணங்கிவிடும் என்று சொல்லி விற்ற ஆக்சஸிபி நிறுவனத்தை, அது பொய்யான விளம்பரம் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025-இல் பத்து லட்சம் டாலர் கட்ட வைத்தது. தானியங்கிச் சோதனைக் கருவிகள் பயனுள்ளவை, ஆனால் அவற்றின் நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணை என்னிடம் காட்டாதீர்கள். படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று கருவி பார்க்கும். அந்த விளக்கம் ‘படம் ஒன்று’ என்றிருந்தால் அதற்குச் சம்மதமே. டேப் வரிசை மேலும் கீழும் தாவுவதால் படிவம் புரியாமல் போவதையும் அது கண்டுகொள்ளாது. அந்த எளிய கருவிகளிடம்கூட, வெப்எய்ம் 2025-இல் சோதித்த பத்து லட்சம் முகப்புப் பக்கங்களில் 94.8 சதவீதம் பிழையோடு சிக்கின.

எங்களுக்கென்று தனிப் பதிப்பும் வேண்டாம். தனிப் பதிப்பைத் திறப்பு விழாவோடு மறந்துவிடுவீர்கள்.

புதுப்பிப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தினமும் புழங்கும் மென்பொருளின் வழிகள் எங்கள் விரலில் இருக்கும்: இங்கே இரண்டு டேப், அங்கே ஓர் அம்பு, பிறகு என்டர். அதன் குறைகளுக்கும் சுற்றுவழி கண்டுபிடித்து வைத்திருப்போம். ஒருநாள் காலையில் ‘புதிய தோற்றம்’ வந்து நிற்கும். நேற்றுவரை பெயர் சொன்ன பொத்தான் இன்று வெறும் “பொத்தான்” என்று மட்டும் சொல்லும், ஏனென்றால் எழுத்தை எடுத்துவிட்டுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். வேலை பார்க்கும் பார்வையற்றவருக்கு இது வெறும் சலிப்போடு போவதில்லை. அன்றைக்கு அவர் கோப்பு நகராது. அவரால் முடியாது என்று மேலாளர் முடிவுகட்டிவிடுவார். தோற்றத்தை மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பணம் செலுத்துவது நின்றுபோனால் அந்த வெளியீட்டைத் திரும்பப் பெறுவீர்கள் அல்லவா? விசைப்பலகையில் செலுத்த முடியாமல் போனாலும் அதே பிழைதான். அதையும் அதே முன்னுரிமையில் பதிவு செய்யுங்கள்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. உங்கள் கணினியிலிருந்து மவுஸைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வையுங்கள். மடிக்கணினியானால் தொடுதளத்தை அணையுங்கள். நீங்கள் எழுதிய படிவத்தை முதல் பெட்டியிலிருந்து ஒப்புகைச் சீட்டு வரை நிரப்பிப் பாருங்கள். ஃபோக்கஸ் எங்கே நிற்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அதைச் சுற்றி உலாவி வரையும் கோட்டை உங்கள் வடிவமைப்பில் யாரோ அழகுக்காக அழித்திருக்கிறார்கள் என்று பொருள். பார்வையுள்ளவர்களிலும் கைநடுக்கம் உள்ளவர்கள், மவுஸைப் பிடிக்க முடியாதவர்கள் அந்தக் கோட்டை நம்பித்தான் இருக்கிறார்கள். அது முடிந்ததும் என்விடிஏவை நிறுவித் திரையை அணைத்துவிட்டு இன்னொரு முறை. குரல் முதலில் தலைவலி கொடுக்கும்; வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். எங்கே கை தானாக மவுஸைத் தேடுகிறதோ அந்த இடத்தைக் குறித்து வையுங்கள்.

பிறகு பார்வையற்ற சோதனையாளர்களைக் கூப்பிடுங்கள், கூலி கொடுத்து. தமிழ்நாட்டில் கணினி பயின்று வேலை தேடும் பார்வையற்ற பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை. இலவசமாகச் சோதித்துத் தாருங்கள், புண்ணியமாகப் போகும் என்று கேட்பவர்கள் தங்கள் மற்ற சோதனையாளர்களிடமும் அப்படிக் கேட்டுப் பார்க்கட்டும்.

உங்கள் தளத்தில் குறை தெரிவிக்க ஒரு முகவரி வையுங்கள். அந்தப் படிவத்தின் கடைசியில், படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்க என்ற பூட்டைப் போட்டுவிடாதீர்கள். பதில் எழுதுவதாக இருந்தால் எழுத்தாகவே அனுப்புங்கள். திரையைப் படம் பிடித்து வட்டம் போட்டு அனுப்பினால், அதைப் படித்துச் சொல்லப் பக்கத்து மேசை நண்பரைத்தான் மறுபடியும் எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு பார்வையற்ற கணினிப் பயனாளர்